இரண்டாவது கை

மூக்குப்பாறைத் தண்ணீரில் அறுபத்து மூன்று வகை உயிர்களும் இரண்டு மனிதர்களும் இருப்பதாக நீர்ப்பெட்டி சொன்னது.

தமயந்தி காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இன்னொரு தடவை படித்தார். அவருக்கு ஐம்பத்தேழு வயது. உயிர்க்கணக்கு அதிகாரி; அடுத்த வருடம் பணி ஓய்வு. நானூறு கரைகளின் தண்ணீரைப் பெட்டியில் ஊற்றிப் பார்த்தவர். அறுபத்து மூன்று என்ற எண்ணைப் பார்த்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"மூணாவது தடவையும் ரெண்டு பேர். ஒண்ணு நீங்க. இன்னொண்ணு யாரு ஜெனோவா?"

ஜெனோவா ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டிருந்தாள். "அங்க வேற யாரும் இறங்கமாட்டாவ மேடம்."

"இறங்கியிருக்காங்களே."

"இறங்கமாட்டாவ."

பெட்டி பார்வைக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. தையல் மிஷின் மூடி அளவுதான் இருக்கும். ஒரு கை தண்ணீரை அதன் வாயில் ஊற்றினால், அந்தத் தண்ணீரில் யார் யார் இருந்தார்கள் என்று நாற்பது நிமிடத்தில் எழுதித் தந்துவிடும். மீன் செதில் உதிர்க்கிறது, நண்டு ஓடு கழற்றுகிறது, சிப்பி வழவழப்பைத் துப்புகிறது. கடலில் இருக்கிற எதுவும் தன்னில் கொஞ்சத்தைத் தண்ணீருக்குக் கொடுக்காமல் இருக்க முடியாது. அந்தக் கொஞ்சத்தை வைத்தே பெட்டி ஆளைச் சொல்லிவிடும். அது வந்த பிறகு கரையில் குனிந்து பார்க்கிறவர்கள் இல்லாமல் போனார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட ஒரு குப்பித் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, பட்டியலை வாங்கி நோட்டில் ஒட்டிக்கொண்டார்கள்.

தண்ணீர் எடுக்கிறவரின் கையும் தண்ணீரில் படத்தானே செய்யும்? அதனால் எடுப்பவர்கள் தங்கள் எச்சிலைப் பஞ்சில் தொட்டுக் கொடுத்துவிட வேண்டும். முடிவுக் காகிதம் எழுதும்போது பெட்டி அவர்களைத் தள்ளிவிட்டு மிச்சத்தைக் கணக்கில் எடுக்கும். யாரென்று தெரியாத ஒரு மனிதர் மிஞ்சினாலும் தண்ணீர் செல்லாது. வேறு கடலிலிருந்து சிப்பியும் நண்டும் கொண்டுவந்து கொட்டித் தங்கள் கரையைப் பிழைக்கவைத்த ஊர்கள் இரண்டு உண்டு. அதற்குப் பிறகு வந்த விதி அது.

கரை பிழைப்பது என்பது சும்மா சொல்லும் சொல் இல்லை. பத்து வருடத்துக்கு ஒருமுறை உயிர்க்கணக்கு. ஒரு கரைக்கு ஒரே இடம்; எந்த இடம் என்று ஊரே சொல்லலாம். அடுத்தடுத்த மூன்று அமாவாசைகளில் மூன்று தண்ணீர். மூன்றிலும் ஐம்பது வகைக்கு மேல் இருந்தால் கரையை விட்டுவிடுவார்கள். இல்லாவிட்டால் 'உயிரற்ற கரை' என்று எழுதி, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் கழிவுக் குழாயை அங்கே இறக்குவார்கள். வடக்கே நாலாவது ஊரில் குழாய் இறங்கி ஆறு வருடமாயிற்று. அங்கே கருவாடு காயப்போட்டால் ஈகூட வருவதில்லை என்று பெண்கள் சொன்னார்கள். கடலை விட்டு உள்ளே இருக்கும் ஊர்களில் குடிக்கத் தண்ணீர் இல்லை என்பதும் உண்மைதான். குழாய் எங்காவது இறங்கித்தான் ஆக வேண்டும்.

ஊர் தேர்ந்தெடுத்தது மூக்குப்பாறையை. அதற்குக் காரணம் கஸ்பார்.

ஏழு வருடத்துக்கு முன்னால் ஐப்பசிப் புயலில், நங்கூரக் கயிறு அறுந்த வள்ளத்தைப் பிடிக்கக் கஸ்பாரும் அவன் மனைவி ஜெனோவாவும் அந்தப் பாறைக்கு ஓடினார்கள். ஒரே அலைதான் இரண்டு பேரையும் தூக்கியது. ஜெனோவாவைப் பாறையில் அடித்துவிட்டுப் போயிற்று. கஸ்பாரைக் கொண்டுபோயிற்று. அலை தூக்கும்வரை அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தான். எந்தக் கணத்தில் பிடி விட்டது என்பது மட்டும் அவளுக்கு இன்றுவரை நினைவுக்கு வரவில்லை.

கடல் ஆளை எடுத்த இடத்தில், ஆள் கிடைக்கும்வரை யாரும் கால் வைக்கக் கூடாது. அந்த ஊரின் வழக்கம் அது. தேடிப் போகிற உரிமை வீட்டுக்காரிக்கு மட்டும் உண்டு. சாதாரணமாக மூன்றாம் நாள் உடல் ஒதுங்கிவிடும், விலக்கும் முடிந்துவிடும். கஸ்பார் ஒதுங்கவில்லை. ஏழு வருடமாக அந்தப் பாறையில் யாரும் சிப்பி பெயர்க்கவில்லை, தூண்டிலுக்குப் புழு தோண்டவில்லை. மனிதர்கள் துக்கம் காத்த இடத்தில் மற்றதெல்லாம் குடியேறிவிட்டது.

தமயந்தி மூன்று காகிதங்களையும் மேஜையில் வரிசையாக வைத்தார்.

"முதல் ரெண்டு தடவை, பெட்டியை அனுப்பிவச்ச இடத்துல யாரோ கை பட்டிருக்கும்னு விட்டுட்டேன். மூணும் ஒரே ஆள். ஆம்பளை. கை வச்சுட்டுப் போனவரோட தடம் ரெண்டு நாள்ல கரைஞ்சிடும். இது கூடவும் இல்ல, குறையவும் இல்ல. எங்கிருந்தோ ஊறிக்கிட்டே இருக்கு." சொல்லும்போதே அவர் குரல் தணிந்துபோயிற்று. பாதி வழியில் அவருக்கே புரிந்துவிட்டது.

ஜெனோவா ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "நாளைக்கு ஏழு மணிக்கெல்லாம் கடல் வத்திரும். வாங்க மேடம், பாப்போம்."

காலையில் பாறை முழங்கால் உயரத்துக்கு வெளியே வந்திருந்தது. தமயந்தி செருப்போடு இறங்கி இரண்டு தடவை வழுக்கினார்.

"கழத்திருங்க மேடம். வெறுங்காலுக்குத்தான் பாறை இடம் கொடுக்கும். கொட்டலசு ஒட்டியிருக்கிற பக்கம் மட்டும் மிதிக்காதீக, அது ஓடு காலைக் கிழிச்சிரும்."

"ஊர்ல ஒண்ணும் சொல்லமாட்டாங்களா, நான் இறங்கினா?"

"நான் கூட இருக்கேன்லா. தேடத்தானே வந்திருக்கோம்."

பாறையின் நடுவில் ஒரு கட்டில் நீளத்துக்குக் குளம். தண்ணீர் அசையாமல் இருந்தது. தமயந்தி பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுமே காணோமே."

"நின்னுக்கிட்டுப் பாத்தா காணாது. உக்காருங்க."

கஸ்பார் சங்கு குளிப்பவன். கடலுக்குப் போகாத நாட்களில் இந்தக் குளத்துக் கரையில் குந்தியிருப்பான். கல்யாணமான புதிதில் ஜெனோவா சினிமாவுக்குக் கூப்பிட்டபோது இங்கேதான் அழைத்து வந்தான். "அங்க மூணு மணி நேரந்தான் காட்டுவான். இங்க கடல் ஏறுதவரைக்கும் காட்டும்" என்றான். அவள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே, "அந்த ஊதா மை கக்குச்சே, அது இன்னும் இருக்கா?" என்று கேட்டாள்.

ஜெனோவா ஒரு கல்லை மெல்லப் புரட்டினாள். அடியில் இருந்தவை எல்லாம் ஒரே சமயத்தில் வெளிச்சத்தை விட்டு ஓடின. மெல்லிய ஐந்து கைகளை வீசிக்கொண்டு ஒன்று மணலுக்குள் புகுந்தது. பூப்போல விரிந்திருந்தது சுருங்கி மிளகாயானது. தன் உடம்புக்குப் பெரிய சங்குக்கூட்டைச் சுமந்த நண்டு ஒன்று எங்கே போவதென்று தெரியாமல் தமயந்தியின் கால் விரலில் ஏறிற்று. அவர் காலை இழுக்கவில்லை. பட்டியலில் விரலை வைத்துத் தேடினார்.

"இதுல எது இது?"

ஜெனோவாவுக்குச் சிரிப்பு வந்தது. "கல்யாண வீட்டுல எங்களுக்கு ஆளைத் தெரியும், பேரு தெரியாம முழிப்போம். நீங்க பேரு தெரிஞ்சு ஆளைத் தெரியாம முழிக்கீக."

"முப்பது வருஷமா இதுங்க பேரைத்தான் படிச்சுக்கிட்டு இருக்கேன்." தமயந்தி நண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூஞ்சி இப்படி இருக்கும்னு நினைக்கல."

ஜெனோவா கல்லை அதே முகம் கீழே இருக்கும்படி, அதே பள்ளத்தில் திருப்பி வைத்தாள். புரட்டியதைத் திருப்பி வைப்பதில் கஸ்பார் கறாரானவன். அடுத்தவன் வீட்டுக் கூரையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போவாயா என்று கேட்பான். கிண்ணம் கவிழ்த்தது போன்ற சிறு சிப்பி ஒன்றைக் காட்டினாள். ஏற்றத்தில் அது பாசி மேயப் போகும்; வற்றத்துக்கு முன்னால் திரும்பி வந்து, பாறையில் தன் ஓட்டு விளிம்பு தேய்த்து வைத்த அதே வட்டத்தில் உட்காரும். இன்னொரு வட்டத்தில் உட்காராது.

"நான் இங்க வரும்போதெல்லாம் இதைத்தான் முதல்ல பாப்பேன். வீடு திரும்பிருக்கான்னு."

குளத்தின் மேற்குக் கோடியில் கதவு அகலத்துக்கு ஒரு பலகைக் கல் சாய்ந்து கிடந்தது. புயலில் புரண்டு விழுந்த கல். அதன் அடியில் கருப்பாக ஓர் இடுக்கு. தெரியாத அந்த ஆளின் தடத்தை மட்டும் உடனே காட்டும் சின்னக் கைப்பெட்டி ஒன்றைத் தமயந்தி தண்ணீரில் நனைத்து நனைத்து நகர்ந்தார். குளத்தின் நடுவில் இரண்டு கோடு காட்டியது, இடுக்குக்கு அருகில் ஒன்பது காட்டியது. அவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

இடுக்கின் வாசலில் நண்டு ஓடுகளும் காலிச் சிப்பிகளும் சின்னக் குவியலாகக் கிடந்தன.

"பேய்க்கணவாய் இருக்கு உள்ள, எட்டுக் கையோட," என்றாள் ஜெனோவா. "தின்னதை வாசல்ல தள்ளிரும். தினமும் வாசல் கூட்டும், பொம்பளை மாதிரி." அவுக சொல்லுவாவ, என்று சேர்க்க வந்து நிறுத்திக்கொண்டாள்.

ஓடுகளுக்கு நடுவில் பச்சை பூத்த ஒரு வட்டம் கிடந்தது. அவள் அதை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தாள். மாதா சுரூபம். கழுத்துக் கயிறு கோத்த வளையத்தில் அவளே கல்லில் தட்டி நெளித்த தடம் இருந்தது. கயிறு நழுவுகிறது என்று கஸ்பார் சொன்னதற்காக ஒரு மத்தியானம் தட்டிக் கொடுத்தது.

பல நூறு தடவை இந்தக் குளத்துக்கு வந்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் கடலைப் பார்த்துத்தான் தேடினாள்.

இடுக்கிலிருந்து ஒரு கை மெதுவாக நீண்டு வந்தது. அவள் சுண்டுவிரலை ஒரு சுற்றுச் சுற்றி, பிடித்துப் பார்த்துவிட்டு, விட்டது. ஜெனோவா சுரூபத்தை எடுத்த இடத்திலேயே, அதே முகம் கீழே இருக்கும்படி வைத்தாள்.

தமயந்தி மடியிலிருந்த பெட்டியை மூடி வைத்துவிட்டுப் பேசினார்.

"ஜெனோவா, நான் மறைக்காம சொல்லிடறேன். ஆள் இருக்கார்னு எழுதினா போலீஸுக்குச் சொல்லணும். அவங்க இந்தப் பலகைக் கல்லை உடைச்சுத்தான் எடுப்பாங்க. உங்களுக்கு அவர் கிடைப்பார், முறையா அடக்கம் பண்ணலாம். குளம் போயிடும். தண்ணியும் செல்லாது."

"எழுதலேன்னா?"

"ரெண்டாவது ஆள் யாருன்னு தெரியலைன்னு எழுதணும். அப்பவும் செல்லாது. தை மாசம் குழாய் போட வந்துடுவாங்க."

"வார மாசம் இருபதாந் தேதியோட ஏழு வருசம் முடியுது மேடம்."

அது என்ன என்று தமயந்திக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காணாமற்போனவர் ஏழு வருடம் யார் கண்ணிலும் படாவிட்டால் நீதிமன்றம் இறந்தவர் என்று எழுதிக் கொடுக்கும். அந்தக் காகிதம் வந்தால் வீடு அவள் பெயருக்கு மாறும். அதைவிட, கல்லறைத் தோட்டத்தில் ஒரு சிலுவை நடலாம். கல்லறைத் திருநாளில் மற்றவர்களைப் போல அவளும் மெழுகுதிரியோடு போய் உட்கார ஓர் இடம் இருக்கும். காகிதம் இல்லாமல் அந்த ஊரில் சிலுவை நடுவதில்லை. அதற்குச் சூசை காரணம். சூசை கரை திரும்பாத வருடமே அவனுக்குச் சிலுவை நட்டு நாற்பதாம் நாளும் கொண்டாடிவிட்டார்கள். நாலு வருடம் கழித்து அடுத்த நாட்டுச் சிறையிலிருந்து வந்து இறங்கியவன், தன் சிலுவையைத் தானே பிடுங்கி அடுப்பில் வைத்து டீ போட்டுக் குடித்தான். அன்றிலிருந்து கோவில் உபதேசியார் தஸ்நேவிஸ் காகிதம் பார்க்காமல் யாரையும் செத்தவர் பட்டியலில் வாசிப்பதில்லை.

கஸ்பாரின் அக்காள் செலின் சிலுவைக்கு ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாள். கருங்கல், பெயர் வெட்டியாகிவிட்டது, தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

ஜெனோவா கேட்டாள்: "தண்ணி எடுக்கிறவுக எத்தனை பேரு இருக்கலாம் மேடம்?"

"ஆறு பேர் வரைக்கும்."

"கையெழுத்துப் போடணுமா?"

"கையெழுத்து வேண்டாம். எச்சிலோ முடியோ கொடுத்தா போதும். மூணு தடவையும் கூட இருந்தார்னு எடுத்தவங்கள்ல இன்னொருத்தர் சாட்சி…" தமயந்தி நிறுத்தினார். "வேணாம் ஜெனோவா."

"ஏன்?"

"அவர் இந்த மாசம் உயிரோட இருந்தார்னு நீங்களே எழுதித் தர்ற மாதிரி. ஏழு வருஷம் மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கும். அது முடிஞ்சு மூணே வருஷத்துல அடுத்த கணக்கு வந்துடும். அப்ப என்ன செய்வீங்க?"

"அப்பவும் நாங்க ரெண்டு பேருந்தான் எடுப்போம்."

தமயந்தி தன் பாதத்தைப் பார்த்தார். சங்குக்கூட்டு நண்டு எப்போதோ இறங்கிப் போயிருந்தது. இதற்கு முன்னால் நானூறு காகிதங்களில் அவர் ஒரு எழுத்தும் மாற்றி எழுதியதில்லை. இது வெளியே தெரிந்தால் முப்பது வருட வேலையும் அதோடு போகும்.

"நான் முறைப்படி கேக்கறேன். மூணு தடவையும் அவர் உங்களோட இருந்தாரா?"

"இருந்தாவ."

"அவர் உடம்பு அந்தத் தண்ணியில பட்டுச்சா?"

"பட்டுச்சு மேடம்."

"சரி," என்றார் தமயந்தி. "நான் கேட்க வேண்டிய கேள்வி அவ்வளவுதான்."

வீட்டில் சுவர் ஆணியில், கஸ்பார் சங்கெடுக்க மூழ்கும்போது போடும் குளி கண்ணாடி தொங்கிக்கொண்டிருந்தது. அதன் ரப்பர் பட்டையில் மூன்று முடிகள் சிக்கியிருந்தன. ஏழு வருடமாக அவள் அந்தக் கண்ணாடியைத் தூசி தட்டவில்லை. ஒன்றைப் பிரித்தெடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். பெட்டி மறுபடி நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டது. புதிய காகிதம் வந்தது.

வகைகள்: அறுபத்து மூன்று. மனிதர்: இல்லை.

ஜெனோவா அந்தக் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் இல்லை அவள், பன்னிரண்டு படித்தவள். ஆனாலும் அந்த ஒரு வரி முடிய நேரமாயிற்று.

"அழிக்கலை. தள்ளி வச்சிருக்கு, அவ்வளவுதான்," என்றார் தமயந்தி.

கணக்கின் முடிவை ஊர் கூடும் இடத்தில் வாசித்து, மறுப்பு உண்டா என்று கேட்க வேண்டும் என்பது விதி. அந்த ஊர் கூடுவது ஞாயிற்றுக்கிழமை கோவிலில்தான். பூசை முடிந்ததும் உபதேசியார் தஸ்நேவிஸ் காகிதத்தோடு முன்னால் வந்து நின்றார். ஜெனோவா பெண்கள் பக்கம் நாலாவது வரிசையில் இருந்தாள். செலினிடம் அவள் சொல்லியிருக்கவில்லை. மூன்று இரவு சொல்ல முயன்றும் வாய் வரவில்லை. செலின் முதல் வரிசையில், நிமிர்ந்த முதுகோடு உட்கார்ந்திருந்தாள்.

"அறுபத்து மூணு" என்று உபதேசியார் வாசித்ததும் ஒரு சலசலப்பு எழுந்தது. யாரோ கைதட்டி, கோவில் என்று நினைவு வந்து நிறுத்தினார்கள். உபதேசியார் அடுத்த வரிக்கு வந்தார். வந்து, நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"தண்ணீர் எடுத்தவர்கள்," என்று வாசித்தார். "ஜெனோவா. அவள் கணவன் கஸ்பார்."

ஆண்கள் பக்கமிருந்து தலைகள் நாலாவது வரிசையை நோக்கித் திரும்பின.

இதே இடத்தில், இதே மனிதர், பதினைந்து வருடத்துக்கு முன்னால் இந்த இரண்டு பெயர்களையும் சேர்த்து வாசித்திருக்கிறார். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண ஓலை. தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று அன்றும் கேட்டார். ஜெனோவா அன்று தலையைக் குனிந்துகொண்டிருந்தது போலவே இன்றும் குனிந்துகொண்டாள்.

"மறுப்பு உள்ளவர்கள் சொல்லலாம்," என்றார் உபதேசியார்.

ஆண்கள் பக்கம் ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. சூசை எழுந்து நின்றான். தலை முழுக்க நரைத்துவிட்டது அவனுக்கு.

"எனக்கு மறுப்பு ஒண்ணும் இல்ல," என்றான். "ஒருத்தனைச் செத்தவன்னு எழுதுறதுக்கு அவசரப்படாதீகன்னு நான்தான் அப்பமே சொன்னேன்லா. கேட்டீகளா?"

எங்கோ ஒரு சிரிப்புக் கிளம்பி, பக்கத்துப் பெஞ்சுக்குத் தாவி, கோவில் முழுக்கப் பரவி அடங்கிற்று. உபதேசியார், மறுப்பு இல்லை என்று எழுதினார்.

வெளியே வெயிலில் ஆட்கள் கலைந்தார்கள். யாரும் ஜெனோவாவிடம் எதுவும் கேட்கவில்லை. சிலர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் தள்ளி நடந்து அவளுக்கு வழி விட்டார்கள். செலின் மட்டும், குகைபோலக் கட்டிய மாதா கெபியின் நிழலில் நின்றாள். ஜெனோவா அருகில் போனாள். அடிப்பாளோ என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

"எங்க இருக்கான்?" என்று செலின் மெல்லக் கேட்டாள்.

"மேக்குப் பக்கம் பலகைக் கல்லுக்கடியில."

செலின் கடலைப் பார்த்தாள். உதடு இரண்டு தடவை அசைந்தது. பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, பக்கத்து ஊரில் இருக்கும் தம்பியை விசாரிக்கிறவள் போலக் கேட்டாள்:

"ஏளா, தம்பி சுகமா இருக்கானா?"

"சுகமா இருக்காவ மதினி," என்றாள் ஜெனோவா. "வீட்டுலதான் கூட்டம். அறுபத்து மூணு பேரு."